தேய்ந்துபோகும் முதல் பொத்தான்

1

மியூசியத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “ராஜாக்க வாளெல்லாம் வெச்சிருப்பாங்களே, அதா?” என்பதுதான். அது இல்லை. எங்கள் மியூசியத்தில் வாளும் கிடையாது, கிரீடமும் கிடையாது, பஞ்சடைத்த புலியும் கிடையாது. மனுஷன் மனுஷனை அடிக்காமல் இருப்பது எப்படி என்று காட்டுவதற்காகவே, கனடாவில் நான் இருக்கும் ஊரில், பழைய பஞ்சுநூல் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எதையாவது வைத்து ‘தொடாதே’ என்று எழுதுகிற இடமும் அல்ல. இங்கே எல்லாவற்றையும் தொட வேண்டும். பொத்தானை அமுக்க வேண்டும், போனை எடுத்துக் காதில் வைக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து ‘நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தென்காசியில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த மோட்டார் வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் போனில் இதை விளக்கியபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அடிக்கக் கூடாதுன்னு சொல்லுததுக்கு ஒரு மியூசியமாலே, முத்து? அதுக்கு டிக்கெட் வேறயா? எங்கம்மை இதை வெளக்கமாத்தாலயே சொல்லிக் குடுத்துட்டாளே!”

நானும் சிரித்தேன். மியூசியத்தில் நான் எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு அறையிலும் உள்ள பொத்தான், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் என் பொறுப்பு. இந்த ஆனி மாதத்தோடு ஏழு வருஷம் முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பதினோரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் ஒரு பல்பு மாட்டுவதற்கும் படிவம் உண்டு, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் வாழ்க்கையில் வன்முறையைப் பார்த்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?’ ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதினேன். பொய் என்று நினைத்து எழுதவில்லை. அத்தான் என் அக்காவை அடித்ததை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அடி வாங்கி வந்தவளைத்தான் பார்த்தேன்.

அந்த ‘இல்லை’யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேச்சியக்காவிடம் முப்பது வருஷமாக நான் கேட்காமல் வைத்திருந்த மன்னிப்பைப் பற்றியும்.

2

மியூசியத்தின் மூன்றாவது அறைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அடுக்களை’. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எதிரே மூடிய கதவு. நீங்கள் உட்கார்ந்தவுடன் கதவு தட்டப்படும். ஒரு பெண் குரல், “நான்தான். உள்ளே வரலாமா? இன்றைக்கும் அடித்துவிட்டார்” என்று ஆங்கிலத்தில் சொல்லும். நீங்கள்தான் அவளுடைய தம்பி. மேஜையில் மூன்று பொத்தான்கள். முதல் பொத்தான், ‘சமாதானம் பேசி அவளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்.’ இரண்டாவது, ‘உள்ளே வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.’ மூன்றாவது, ‘இது உங்கள் வீட்டு விஷயம், என்னை விட்டுவிடு.’ எதை அமுக்குகிறீர்களோ அதற்குத் தகுந்தபடி கதை போகும்.

இதையெல்லாம் இப்போது இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே தவிர, ஏழு வருஷமாக நான் அந்த மேஜையை அடியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பச்சை ஒயர். ஒன்று மட்டும் தெரியும். மற்ற இரண்டு பொத்தான்களை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். முதல் பொத்தான் மூன்று மாதம்கூடத் தாங்காது. வருகிற வெள்ளைக்காரனும் சீனாக்காரனும் ஆப்பிரிக்காக்காரனும் நம்மாளும் அதைத்தான் போட்டு அமுக்குகிறார்கள். கொண்டுபோய் விட்டுவிடுவதில் உலகம் பூராவும் ஒரே ஜாதிதான்.

சில மாதங்களுக்கு முன்னால் மறுபடியும் அது தேய்ந்துவிட்டது. புதுசு மாட்டினேன். வழக்கமாக ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். அன்றைக்குக் கூட்டம் இல்லாததால் நாற்காலியிலேயே உட்கார்ந்து அமுக்கினேன். அந்தப் பெண், “சரி” என்றாள். காலடிச் சத்தம் தேய்ந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு தட்டும் சத்தம், அதே குரல். மறுபடியும் முதல் பொத்தான். “சரி” என்றாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. காத்திருந்தேன். மூன்றாவது தடவை தட்டும் சத்தம் வரவே இல்லை.

லைனில் கோளாறு என்று நினைத்தேன். மேஜையைப் பிரித்து, மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி வேறு ஸ்பீக்கர் மாட்டினேன். அரை நாள் போய்விட்டது. கடைசியில், வேறு வழியில்லாமல், அந்த அறைக்கான கையேட்டை எடுத்து முதன்முறையாக வாசித்தேன். ‘முதல் பொத்தான் இரண்டு முறை அமுக்கப்பட்டால் அதற்கு மேல் ஒலி இல்லை. கோளாறு அல்ல. அவள் இனி இந்தக் கதவுக்கு வரமாட்டாள்.’

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அக்காவும் மூன்றாவது தடவை வரவில்லை.

3

என் மகள் கனி கல்லூரியில் படிக்கிறாள். சனி ஞாயிறுகளில் அதே மியூசியத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலை. நல்ல பிள்ளை. ஆனால் தமிழைக் காலில் முள் குத்தினவள் மாதிரி நொண்டி நொண்டிப் பேசுவாள். அத்தையை ‘பேச்சி ஆன்ட்டி’ என்பாள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள்தான், அடுக்களை அறைக்குப் புதிதாகச் சேர்க்கப்போகும் மொழிகளில் தமிழும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தம்பியின் குரலுக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மொழிபெயர்ப்பை ஏதோ ஏஜென்சியிடம் செய்து வாங்கியிருந்தார்கள். முதல் பொத்தானுக்கு நான் வாசிக்க வேண்டியது: ‘சகோதரியே, கவலை கொள்ளாதே. உன் கணவருடன் உரையாடி, உன்னை உன் இல்லத்தில் சேர்ப்பிக்கிறேன்.’

“எந்த ஊர்லட்டி தம்பிக்காரன் இப்படிப் பேசுதான்?” என்று கனியிடம் கேட்டேன்.

“அப்பா, மீனிங் மாறாம உங்க ஸ்டைல்ல சொல்லுங்க. அவங்க ஓக்கேன்னுட்டாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பையன் கை காட்டினான். தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.

“அழாதக்கா. மூஞ்சியக் கழுவு. சீசன் நல்லா இருக்கு. குத்தாலத்துல எறங்கி ஒரு குளியலப் போட்டுட்டு, அப்படியே கொண்டு விட்டுருதேன். அத்தான்கிட்ட நான் பேசுதேன். எல்லாம் சரியாயிரும்.”

தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத அந்தப் பையன் இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினான். முதல் டேக்கே ஓக்கே என்றான். கனி காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டாள்.

“அப்பா, குத்தாலம் ஸ்கிரிப்ட்ல இல்லையே. எங்க இருந்து வந்துச்சு?”

4

காரை ஒரு காபிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னேன். அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அவளிடம் சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

அப்பா போன பிறகு வீட்டில் ஆம்பளை என்று இருந்தவன் நான், இருபத்திரண்டு வயசு. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அண்ணாச்சி கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னைவிட நாலு வயது மூத்த பேச்சியக்காவை, கேரளா எல்லையில், புளியறையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த அத்தான் இப்போது உயிரோடு இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை மூன்று நாளைக்குள் கொண்டுவிட வேண்டும். நாலாவது நாள் ஆனால் தெரு கேட்கும். கொண்டுவிடும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு சீப்புப் பழம், அரைக் கிலோ அல்வா, ஒரு பெட்டி முறுக்கு. பார்க்கிறவர்கள், பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள் என்று நினைக்க வேண்டும். எவன் அடித்தானோ அவனுக்கு நாங்கள் அல்வா கொண்டுபோனோம். சொல்லவே நா கூசுகிறது. அன்றைக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

முதல் தடவை அக்கா உதடு கிழிந்து வந்தாள். மூன்றாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நல்ல சாரல். குற்றாலத்தில் இறங்கினோம். குளித்தால் உடம்பு வலியும் போகும், மனசும் ஆறும் என்று நான் மனதார நம்பினேன், அதுதான் கொடுமை. பெண்கள் பக்கம் போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

“என்னக்கா கண்ணு?”

“அருவித் தண்ணி பட்டதாயிருக்கும்லே.”

அதையும் நம்பினேன். அவளுக்குப் பிடிக்கும் என்று மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் உரித்து உரித்து எனக்கே ஊட்டினாள். புளியறையில் அத்தான் என்னை வாய் நிறைய ‘வாங்க மாப்ள’ என்றார். பரோட்டா வாங்கித் தந்தார். பொறுப்பாக ஒரு காரியத்தை முடித்த நிம்மதியோடு திரும்பி வந்தேன்.

அடுத்த வருஷமும் அதே சாரல், அதே அருவி, அதே அல்வா. இந்தத் தடவை அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. மங்குஸ்தானை நான் உரித்துக் கொடுத்தேன். அவளுக்கு வேண்டாமாம்.

அதற்கப்புறம் அவள் வரவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து, கடைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒரு விவசாயிதான், “ஒங்கக்கா பாவூர்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி தரம் பிரிக்கால்லா?” என்றார். ஓடினேன். காய்கறி மூட்டைகளுக்கு நடுவே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் டீ வாங்கிக் கொடுத்தாள். தக்காளி விலை பற்றிப் பேசினாள். நானும் தக்காளி விலை பற்றியே பேசிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு அதே மார்க்கெட்டில் அவளுக்குச் சொந்தக் கமிஷன் கடை இருக்கிறது. லோடுமேன்களெல்லாம் அவள் குரலுக்கு ஓடுவார்கள். நான் இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்பாமல் பேசுகிறோம். முருங்கைக்காய், சர்க்கரை மாத்திரை, கனியின் படிப்பு, இங்கே கொட்டுகிற பனி. அந்த மூன்றாவது தடவை ஏன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, கனி காபிக் கோப்பையைத் திருகிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அப்பா, அக்காவோட வாய்ஸுக்கு இன்னும் ஆள் கிடைக்கல” என்றாள். “அத்தை பேசுவாங்களா?”

பதினெட்டு வருஷமாகத் திருத்தியும் வராத ‘அத்தை’ அன்றைக்குத் தானாக வந்தது.

5

எனக்குக் காலை ஏழு மணி. அக்காவுக்குச் சாயங்காலம் நாலரை, கடை ஓய்ந்த நேரம். கனி பக்கத்தில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். மியூசியம், அறை, பொத்தான், குரல் எல்லாவற்றையும் அவளுடைய நொண்டித் தமிழில் அவளே விளக்கினாள்.

“யாரு தம்பி வேஷம்?” என்று அக்கா கேட்டாள்.

“அப்பாதான் அத்தை.”

அந்தப் பக்கம் ஒரு டெம்போ பின்னால் வருகிற சத்தம். யாரையோ, “ஏலே, வெங்காயத்துல ஏத்திராத!” என்று அதட்டினாள். பிறகு, “அவன் எங்க?” என்றாள்.

“இருக்கேன்க்கா.”

“ஏன் பேசாம இருக்க?”

வாய் வரை வந்ததை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விழுங்கியிருக்கிறேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, ஒன்ன நான் கொண்டு விட்டிருக்கக் கூடாது. ரெண்டு தடவையும் தப்பு. என்னை மன்னிச்சிரு” என்றேன். ஐம்பத்திரண்டு வயசு ஆளுக்கு அழுகை வந்தால் பார்க்கச் சகிக்காது.

அந்தப் பக்கம் ஒரு கூடையை நகர்த்தி உட்காருகிற சத்தம் கேட்டது.

“இந்த ஒரு வார்த்தை சொல்லுததுக்கு ஒனக்கு ஒரு மியூசியம் கட்ட வேண்டியிருக்கு, என்னலே?” என்றாள்.

கனி சிரித்துவிட்டாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்துச்சு. அந்தாளு மேல உள்ளத விட ஒம்மேல கூட இருந்துச்சு. அவன் வெளியாளு. நீ எந்தம்பில்லா?” என்றாள். “மூணாந் தடவை என்ன செஞ்சேன்னு தெரியுமா ஒனக்கு? வெடிய வெடிய உக்காந்திருந்துட்டு, காலையில திருநவேலி பஸ்ஸுல ஏறிட்டேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல வண்டி கால் மணி நேரம் நின்னுச்சு. எதுத்தாப்ல ஒங்கடை. நீ வாசல்ல உக்காந்து காயில் சுத்திக்கிட்டு இருந்த. நீலச் சட்டை.”

“எறங்கியிருக்கலாம்லாக்கா…” என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, அது எவ்வளவு மடத்தனமான பேச்சு என்று.

“எறங்குனா கொண்டு விட்டுருவியேய்யா” என்றாள். குரலில் கோபமே இல்லை. “நீ நிமுந்து பாத்துரக் கூடாதேன்னு சீட்டுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்துக்கிட்டேன். வண்டி எடுத்து, ஊர் தாண்டுனப்பொறந்தான் நிமுந்தேன்.”

கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, அழுதது போதும். என்ன பேசணும், வாசி” என்றாள் அக்கா.

கனி தமிழ் ஸ்கிரிப்ட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். முதல் பொத்தானுக்கு மூன்றாவது தடவை ஒலி இல்லை என்ற இடம் வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னாள்.

“அதென்ன சத்தமே இல்லாம? செத்துப் போயிட்டாள்னுல்லா நெனைப்பாவ? அவளுக்குப் போக்கிடமே இல்லையா? நான் ஒண்ணு சொல்லுதேன், அதப் போடச் சொல்லு.”

இரண்டாவது பொத்தானில், தம்பி ‘உள்ளே வா’ என்றதும் அந்தப் பெண் ‘மிக்க நன்றி’ என்று சொல்ல வேண்டும். அதற்கும் அக்காவிடம் திட்டு விழுந்தது.

“அடி வாங்கிட்டு வந்தவ தேங்க்ஸ்னா சொல்லுவா? எழுதுனவளக் கூப்பிடு, நான் கேக்கேன்.”

தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தே, வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வரியாகப் பேசி அனுப்பினாள். என் வரிகளையும் நான் மறுபடி பேசினேன். முதல் பொத்தானில் குற்றாலத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது நடந்தது. மூன்றாவது பொத்தானுக்கான வரியைப் பேசத்தான் நாலு டேக் ஆயிற்று. அதை என் அக்காவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த மட்டும் பிழைத்தேன்.

கையேட்டில் மாற்றம் செய்ய ஒரு படிவம், குரலுக்கு அனுமதி தருவதாக அக்காவிடம் கையெழுத்து வாங்க ஒரு படிவம், அந்தக் கையெழுத்து அக்காவுடையதுதான் என்று நான் கையெழுத்துப் போட ஒரு படிவம். தமிழில் மட்டும் மூன்றாவது தடவையும் ஒலி உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள நாலு கூட்டம் போட்டார்கள். கனிதான் உட்கார்ந்து வாதாடினாள். அவளுக்கு அவள் அத்தை வாய்.

6

இப்போது அடுக்களைக்குத் தமிழ் வந்துவிட்டது. வருஷா வருஷம் நிரப்புகிற அந்தப் பதினோரு பக்கப் படிவத்தையும் நீட்டினார்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். ‘என்ன செய்தீர்கள்?’ என்பதற்கு இடம் போதாமல் இரண்டு தாள் ஒட்ட வேண்டியிருந்தது.

தினமும் காலையில், கதவு திறப்பதற்கு முன்னால், எல்லா அறையும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அடுக்களையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தமிழைத் தேர்ந்தெடுத்து, முதல் பொத்தானை அமுக்குகிறேன். ‘குத்தாலத்துல ஒரு குளியலப் போட்டுட்டு’ என்கிறான் என் குரலில் அந்த மடையன். “சரிலே” என்று அக்கா போகிறாள். மறுபடியும் தட்டுகிறாள், மறுபடியும் அமுக்குகிறேன். மூன்றாவது தடவை கதவு தட்டப்படுவதில்லை. பஸ் ஓடுகிற சத்தம், அதற்கு நடுவே அவள் குரல்.

“முத்து, என்னத் தேடாதலே. நான் பஸ்ஸுல இருக்கேன். தென்காசி தாண்டியாச்சு.”

முழுசாகக் கேட்டு முடிக்கிறேன். அதன் பிறகுதான் இரண்டாவது பொத்தானுக்குக் கை போகிறது.

“உள்ள வாக்கா. எத்தனை நாள்னாலும் இரு. சாப்ட்டியா?”

“இல்லலே” என்கிறாள் என் அக்கா. “பசிக்கி.”